வாசகர் கேள்வி – பதில்: வரிசைப்படுத்தலுக்கு அனுப்பும் முன் டி.என்.ஏ.வைச் சோதிப்பது எப்படி?

கேள்வி: கிளெப்சியெல்லா நிமோனியே என்னும் பாக்டீரியாவின் முழு மரபணுத்தொகையை வரிசைப்படுத்துவதற்காக டி.என்.ஏ. பிரித்து அனுப்பினேன். டி.என்.ஏ. அளவைக் காட்டும் எங்கள் நானோட்ராப் கருவி மைக்ரோலிட்டருக்கு 180 நானோகிராம் என்று காட்டியது. தூய்மையைக் காட்டும் 260/280 விகிதமும் 2.05 என நன்றாகவே இருந்தது. வரிசைப்படுத்தும் மையமோ, க்யூபிட் கருவியில் 38 நானோகிராம்தான் வருகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டது. எதை நம்புவது? – முனைவர் பட்ட மாணவி ஒருவர்

க்யூபிட் காட்டும் அளவைத்தான் நம்ப வேண்டும். 260 நானோமீட்டர் அலைநீளத்தில் கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதை மட்டுமே வைத்து நானோட்ராப் அளவைக் கணக்கிடுகிறது. அந்த ஒளியை டி.என்.ஏ. மட்டுமல்லாமல் ஆர்.என்.ஏ.வும், சிதைந்து தனித்தனியாகக் கிடக்கும் நியூக்ளியோடைடுகளும் உறிஞ்சுகின்றன. க்யூபிட்டில் சேர்க்கும் சாயம் இரட்டை இழை டி.என்.ஏ.வோடு பிணையும்போதுதான் பளிச்சென ஒளிர்கிறது. வேகமாக வளரும் பாக்டீரியாவில் டி.என்.ஏ.வைவிட ஆர்.என்.ஏ. பல மடங்கு அதிகம் என்பதால், அதை நீக்காத மாதிரியில் இவ்வளவு பெரிய வித்தியாசம் வருவது இயல்புதான். 260, 280 நானோமீட்டர்களில் உறிஞ்சப்படும் ஒளியை ஒப்பிடும் 260/280 விகிதம், தூய டி.என்.ஏ.வுக்கு ஏறக்குறைய 1.8, ஆர்.என்.ஏ.வுக்கு 2.0. ஆகவே நீங்கள் நல்லது என்று எண்ணிய 2.05 ஓர் எச்சரிக்கையாகவே இருந்திருக்கிறது.

ஆர்.என்.ஏஸ் ஏ நொதியைச் சேர்த்து 37 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்தபின், மாதிரியை மீண்டும் ஒருமுறை சுத்திகரியுங்கள். இந்த இரண்டாம் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் நொதியும், அது வெட்டிப்போட்ட ஆர்.என்.ஏ. துண்டுகளும் கரைசலிலேயே தங்கி நானோட்ராப்பைத் தொடர்ந்து ஏமாற்றும். அதன்பின் 0.8 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். ஜெல்லின் குழிக்கு அருகே ஒரே கெட்டியான பட்டை தெரிந்தால் டி.என்.ஏ. முழுமையாக இருக்கிறது, மேலிருந்து கீழ்வரை இழுபட்ட கறையாகத் தெரிந்தால் உடைந்திருக்கிறது, அடியில் மட்டும் மங்கலான திரள் இருந்தால் ஆர்.என்.ஏ. இன்னும் போகவில்லை.

கிளெப்சியெல்லாவுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. அதன் மேலுறை பல்சர்க்கரையால் ஆனது, அது டி.என்.ஏ.வோடு சேர்ந்தே வீழ்படிந்துவிடும். ஆல்கஹால் சேர்த்தபின் வரும் வீழ்படிவு வெண்ணிற இழையாக இல்லாமல் களி போலத் திரண்டிருந்தாலோ, கரைசல் பைப்பெட் முனையில் நூல் விட்டாலோ சந்தேகமே வேண்டாம். இத்தகைய மாதிரியில் பெரும்பாலும் 260/230 விகிதமும், இருக்க வேண்டிய 2.0க்கு வெகு கீழே இறங்கிவிடும். கூடுதல் விளைச்சல் கிடைக்கும் என்று எண்ணி அளவுக்கு மீறிய செல்களை எடுப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். செல்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் தீரவில்லையென்றால், உப்புச் செறிவு மிகுந்த சி.டாப் (CTAB) என்னும் சோப்புவகைக் கரைசலில் 65 டிகிரியில் வைத்துக் குளோரோஃபார்மால் பிரிக்கும் பழைய முறை இன்றும் நன்றாகக் கைகொடுக்கும்.

கேள்வி: ஈ.கோலைக்குச் சரியாக வரும் அதே டி.என்.ஏ. பிரிப்புக் கிட்டில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏறக்குறைய எதையும் தருவதில்லை. செல் சுவரை வெட்டும் லைசோசைம் நொதியைச் சேர்த்தும் பயனில்லை. – ஆய்வக உதவியாளர் ஒருவர்

ஆரியஸின் செல் சுவருக்கு உறுதி தரும் பெப்டிடோகிளைக்கான் அசிட்டைல் தொகுதிகளால் மாற்றமடைந்திருப்பதால் லைசோசைம் அதை வெட்ட முடிவதில்லை. லைசோஸ்டாஃபின் நொதியைப் பயன்படுத்துங்கள், சுவரைக் கோத்துப் பிணைக்கும், ஐந்தைந்து கிளைசீன்களால் ஆன பாலங்களை அது நேரடியாக அறுத்துவிடும். காசநோய்க் கிருமியின் மெழுகுச் சுவருக்கு இதுவும் போதாது. அதற்கு மணிகளோடு குலுக்கி உடைக்கும் முறையோ, வீரியமான வேதிமுறையோ தேவை. கிருமி முற்றிலும் இறந்துவிட்டது என்பதை உரிய பாதுகாப்பு நிலை கொண்ட ஆய்வகத்திலேயே உறுதிசெய்யாமல், அந்தக் குழாயை வெளியே எடுத்து வரவே கூடாது.

கேள்வி: டி.என்.ஏ.வை எதில் கரைத்து அனுப்ப வேண்டும்?

பி.எச். 8.0 முதல் 8.5 வரையுள்ள 10 மில்லிமோலார் டிரிஸ் கரைசலில் அனுப்புங்கள். டி.இ. (டிரிஸ்–ஈ.டி.டி.ஏ.) கரைசலில் உள்ள ஈ.டி.டி.ஏ., நூலகம் (வரிசைப்படுத்தலுக்குத் தயார்செய்த டி.என்.ஏ. தொகுப்பு) தயாரிக்கும் நொதிகளுக்குத் தேவையான மெக்னீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெறும் நீரிலோ பி.எச். நிலைத்து நிற்காது.

கேள்வி: இல்லுமினா வரிசைப்படுத்தலுக்குத் தயாரித்த மாதிரியையே, நெடும்படிப்பு தரும் நானோபோர் முறைக்கும் கொடுக்கலாமா? நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை எதிர்க்கும் மரபணு எந்தப் பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் தனி டி.என்.ஏ.) இருக்கிறது என்று அறிய விரும்புகிறேன். – நுண்ணுயிரியல் ஆய்வாளர்

ஜெல்லில் உடைசல் தெரியாவிட்டால் கொடுக்கலாம். இல்லுமினா பெரும்பாலும் 150 காரங்கள் அளவுள்ள துண்டுகளாகவே படிப்பதால், உடைந்த டி.என்.ஏ.வும் அதற்கு ஓரளவு போதும். ஆனால் எதிர்ப்பு மரபணுக்களைச் சுற்றி ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவதுண்டு. அவற்றைக் குறும்படிப்புகளால் தாண்ட முடியாததால் பிளாஸ்மிட் துண்டுதுண்டாகவே கிடைக்கும். பல ஆயிரம் காரங்களைத் தாண்டும் நெடும்படிப்புதான் அதைக் கோத்துத் தரும். அதற்காக வோர்டெக்ஸில் வேகமாகச் சுழற்றுவதையும், குறுகிய முனையில் பலமுறை உறிஞ்சி விடுவதையும், உறையவைத்து உருக்குவதை மீண்டும் மீண்டும் செய்வதையும் தவிர்த்துவிடுங்கள். சிறிய வட்டப் பிளாஸ்மிடுகளுக்கு முனைகள் இல்லாததால், முனையில் இணைப்பான் என்னும் குறுந்துண்டை ஒட்டும் முறையில் அவை விடுபட்டுப் போகக்கூடும்; டிரான்ஸ்போசேஸ் நொதியால் வெட்டும் முறை அவற்றை மேலாகப் பிடிக்கும்.

தனிக் காலனியிலிருந்தே வளர்ப்பைத் தொடங்குங்கள். இரண்டு திரிபுகள் கலந்த மாதிரியை எந்த மென்பொருளாலும் தெளிவாகப் பிரித்துத் தர முடியாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இல்லாத ஊடகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தால் நீங்கள் தேடும் பிளாஸ்மிடையே பாக்டீரியா உதறிவிடக்கூடும் என்பதால், மைனஸ் 80 டிகிரியில் வைத்த முதல் சேமிப்பிலிருந்து கூடுமானவரை குறைந்த மறுவளர்ப்புகளுக்குள் டி.என்.ஏ.வை எடுத்துவிடுங்கள்.