அழுகிற வீட்டில் ஆண்டவர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் இறந்து நான்கு மாதமாகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வருவதில்லை. சபையில் ஒரு மூத்த சகோதரி, "விசுவாசி இப்படி அழக்கூடாது, 1 தெசலோனிக்கேயர் 4:13 வாசியுங்கள்" என்கிறார். தேவன் கூட இருப்பதாகவே எனக்குத் தெரியவில்லை. என் விசுவாசம் போய்விட்டதா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இல்லை, அம்மா. முதலில் அந்த வசனத்தைப் பார்த்துவிடுவோம். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதுகிறார். துக்கமே கூடாது என்று எழுதவில்லை. தன் உடன் ஊழியனான எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்தபோது, தனக்குத் 'துக்கத்தின்மேல் துக்கம்' வராதபடி தேவன் இரங்கினார் என்று அதே பவுல்தான் பிலிப்பியருக்கு எழுதினார் (2:27). ஸ்தேவானை அடக்கம் செய்தவர்களைத் தேவபக்தியுள்ளவர்கள் என்று சொல்லும் அப்போஸ்தலர் 8:2, அவர்கள் மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்றும் சொல்கிறது. லாசருவை எழுப்பப்போகிற இயேசுவே கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். உங்கள் அழுகையை விசுவாசக் குறைவு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

தேவன் கூட இருப்பது தெரியவில்லை என்கிறீர்கள். லூக்கா 24-இல் எம்மாவுக்குப் போன இருவரும் துக்கமுகமாய் நடந்தது உயிர்த்தெழுந்த இயேசுவோடுதான்; ஆனாலும் அவரை அறியவில்லை. அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் கண் திறந்தது. வழியிலேயே நம் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்ததே என்று அதற்குப் பிறகுதான் பேசிக்கொண்டார்கள். அதனால் உணர முடியாததை வைத்து, அவர் விலகிவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள்.

சொந்த வார்த்தை வராத காலத்தில் வேதத்தின் வார்த்தையைக் கடன் வாங்கலாம். சங்கீதம் 13 ஆறே வசனம். வாய்விட்டு வாசிக்க ஒரு நிமிடம் போதும். முதல் இரண்டு வசனங்களில் 'எதுவரைக்கும்' என்று நான்கு முறை கேட்கிறார் தாவீது. அது முறையீடு. 3, 4 விண்ணப்பம். 5, 6 நம்பிக்கை. காலையில் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை வாசியுங்கள். ஒரு வாரம் போனதும் ஒரு நோட்டில் 'எதுவரைக்கும்' என்று தொடங்கி உங்கள் கேள்வியை எழுதுங்கள்: "எதுவரைக்கும் ஆண்டவரே, சாயங்காலம் கேட் சத்தம் கேட்டால் அவர்தான் என்று எழுந்து ஓடுவேன்?" இதுவும் ஜெபம்தான்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. குறை சொல்வது பாவமோ என்று பயந்து, முதல் நான்கு வசனங்களைத் தாண்டி நேராக ஐந்தாவதுக்குப் போய்விடுவார்கள். வாய் துதிக்கும், மனசு வராது; கொஞ்ச நாளில் ஜெபமே பொய்யாகத் தோன்றிவிடும். ஐந்தாம் வசனம் வாயில் வராத நாளில் நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சங்கீதம் 88 ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லாமலே முடிகிறது. அப்படிப்பட்ட ஜெபத்தையும் தேவன் தம் வேதத்தில் வைத்திருக்கிறார்.

உடம்பையும் கவனியுங்கள். சாகவேண்டும் என்று சூரைச்செடியின்கீழ்ப் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). துக்க வீட்டில் முதலில் நின்றுபோவது காலைப் பசியாறல். கஞ்சியோ ரொட்டியோ, சாப்பிட்டுவிட்டே ஜெபிக்க உட்காருங்கள்.

ஞாயிறு ஆராதனையில் துதிப்பாடல் தாங்க முடியவில்லையென்றால் கொஞ்சம் தாமதமாகப் போய் ஓரமாக உட்காரலாம், தவறில்லை. திருவிருந்து உள்ள ஞாயிறை மட்டும் விடாதீர்கள். அங்கே எதுவும் சொல்ல வேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். நடுராத்திரி என்றாலும் மனத்துயரில் இருப்பவர்களுக்கான தொலைபேசி உதவிச் சேவையான பிஃப்ரெண்டர்ஸை 03-7627 2929 எண்ணில் அழைத்துப் பேசலாம்.

கேள்வி: என் அப்பா இந்துவாகவே காலமானார். அடுத்த வாரம் 16-ஆம் நாள் கருமாதி. நான்தான் மூத்த மகன், குடும்பத்தில் நான் மட்டும் கிறிஸ்தவன். சடங்கு செய்யாவிட்டால் அப்பாமேல் பாசமில்லை என்பார்கள். அப்பாவின் ஆத்துமாவை நினைத்தாலும் தூக்கம் வரவில்லை.
– வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: சகோதரரே, இன்றைக்கே உங்கள் போதகரிடமும், பிறகு சித்தப்பாவோ பெரியப்பாவோ யார் முன்நின்று நடத்துகிறாரோ அவரிடமும் நேரில் பேசுங்கள். பிண்டம் வைக்க உங்கள் மனச்சாட்சி இடம் தராவிட்டால், தம்பியோ பங்காளியோ வைக்க ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நாள் வேண்டும். அன்றைக்கு எல்லோர் முன்னிலையிலும் மறுப்பதுதான் பெரிய காயமாகும். செலவில் மூத்த மகன் பங்கைக் குறைக்காதீர்கள். காலையிலேயே போய் நில்லுங்கள், பந்தி பரிமாறுங்கள், அம்மா பக்கத்தில் உட்காருங்கள். அன்று சுவிசேஷப் பிரதி கொடுக்கவோ விவாதிக்கவோ வேண்டாம். யாக்கோபுக்காக எகிப்தியர் தங்கள் வழக்கப்படி 70 நாள் துக்கங்கொண்டாடியதை யோசேப்பு தடுக்கவில்லை. தகப்பனுக்காகத் தானும் 7 நாள் துக்கித்தான் (ஆதியாகமம் 50).

அப்பாவின் ஆத்துமாவைக் குறித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டதையே நீங்களும் கேட்டு, அப்பாவை அந்த நியாயாதிபதியின் கையில் விடுங்கள். அப்பா உங்களுக்குச் செய்த நன்மைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி செலுத்துங்கள்.

கேள்வி: துக்க வீட்டுக்குப் போனால் என்ன சொல்வது?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: குறைவாகவே பேசுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். "கர்த்தருடைய சித்தம்", "நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறார்" எல்லாம் வேண்டாம். இறந்தவர் பெயரைச் சொல்லி, அவரிடம் கண்ட ஒரு நல்ல காரியத்தைச் சொல்லுங்கள். அடக்கத்தன்று வீடு நிறைய ஆளும் சாப்பாடும் இருக்கும். மூன்றாவது வாரத்தில் எல்லோரும் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். அப்போது குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு, முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள்.