ஷூவுக்கும் பீமுக்கும் நடுவே விரக்கடை

அரியலூரிலிருந்து வந்திருந்தீர்கள் அம்மா. "இவனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்னு எங்கண்ணன் சொல்லிட்டார். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு நிலத்தை அடமானம் வைக்கலாமா?" என்று கேட்டீர்கள். பதறாதீர்கள் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். அதற்குள் பையன் போனை நீட்டினான். சவுதியின் ஜுபைலில் பைப் ஃபிட்டராக இருக்கும் அப்பா அனுப்பிய படம். "சார், பைப்புக்கு அடியில இருக்கற ஷூ பீம் மேல உக்காராம விரக்கடை தூக்கி நிக்குதே, ஏன்?"

ஷூ என்பது குழாயைத் தாங்க அதன் அடியில் வைக்கும் இரும்புக் கால். இந்தக் கேள்விக்கே சம்பளம் தருகிற வேலை ஒன்று உண்டு: பைப் ஸ்ட்ரெஸ் இன்ஜினியர். சூட்டையும் எடையையும் காற்றையும் குழாய் தாங்குமா என்று கணக்குப் போடுகிறவர். உங்கள் அண்ணன் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

லைன், அதாவது குழாய்த்தொடர், ஓடும்போது சூடேறுகிறது. பக்கத்தில் மேலே ஏறும் குழாய் நீண்டு, கிடைக்குழாயைத் தூக்கிவிடுகிறது. அந்த நேரம் பார்த்துப் புயல் அடித்தால்? இந்தக் கணக்கைப் போடும் சீசர் 2 மென்பொருளில் இதற்குத்தான் 'அக்கேஷனல்' லோடு கேஸ், அதாவது எப்போதாவது வரும் சுமைகளுக்கான கணக்கு. புதிதாக வருகிறவர்கள் காற்றை மட்டும் தனியாக ஓட்டிவிடுவார்கள். அதில் எடையும் இல்லை, சூடும் இல்லை. ஷூ உட்கார்ந்திருக்கிறதா, தூக்கி நிற்கிறதா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? எடை, சூடு, அழுத்தம் மூன்றோடும் காற்றைச் சேர்த்து ஒரு கேஸ். காற்றில்லாமல் அதே மூன்றும் இன்னொன்று. கழித்தால் காற்றின் பங்கு மட்டும் மிஞ்சும். அதை, எடையும் அழுத்தமும் மட்டுமுள்ள சஸ்டெய்ன்டு ஸ்ட்ரெஸ்ஸோடு (எப்போதும் இருக்கும் சுமையால் குழாய்க்குள் எழும் தகைவு) கூட்டி, 'கோடு' எனப்படும் குழாய் விதிநூலின் வரம்போடு ஒப்பிட வேண்டும். ரிஃபைனரிக்கான விதிநூல் பி31.3, அந்தச் சூட்டில் அனுமதித்த ஸ்ட்ரெஸ்ஸில் பொதுவாக 1.33 மடங்கு வரை விடும். அனல்மின் நிலையத்துக்கான பி31.1 கறார், எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்த்து 15 அல்லது 20 சதவீதமே கூடுதல். காற்றுக்கு நாலு திசை, நாலு கேஸ். காற்றும் நிலநடுக்கமும் சேர்ந்து வருவதாகக் கணக்கிட வேண்டாம். ("நல்லவேளை சார்" என்றான்.)

நிலத்தைத் தொடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இந்த வேலைக்கு ஏற்ற மெக்கானிக்கல் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். 'சீசர் படித்தால் வேலை நிச்சயம்' என்று இப்போதே பணம் கேட்கும் சென்டர்கள் பக்கமும் போக வேண்டாம். பட்டன் அமுக்குவதைப் பிறகு கற்கலாம். முதலில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், அதாவது பொருள்கள் எவ்வளவு சுமை தாங்கும் என்கிற பாடம், புரியட்டும். தொடக்கச் சம்பளம் அண்ணன் மகனுடையதைவிடக் குறைவாக இருக்கலாம். அதையும் தெரிந்தே முடிவெடுங்கள்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். அடுத்த ஷட்டவுனில் லைன் ஆறிய பிறகு, அதே ஷூவை அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்து அனுப்பட்டும்.