முதல் கைத்துப்பாக்கி: ரேஞ்சுக்கும் வீட்டுக்கும் எதை வாங்குவது? கேள்வி பதில்

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்கள் பலர் இப்போது துப்பாக்கி வாங்குவது பற்றி விசாரிக்கிறார்கள். நான் டெக்சாஸில் இருக்கிறேன். வார இறுதிகளில் ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்தில், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். வந்த கேள்விகளில் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். சட்ட விஷயத்தில் நான் வக்கீல் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, உங்கள் ஊர் விதியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டாலஸிலிருந்து: அண்ணா, கிரீன் கார்டு வந்துவிட்டது. ரேஞ்சில் சுட்டுப் பழகவும் வேண்டும், வீட்டுப் பாதுகாப்புக்கும் வேண்டும். 600 டாலருக்குள் ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

கிளாக் 19. எல்லோரும் சொல்லும் பதில்தான், சுவாரஸ்யம் இல்லாத பதிலும்கூட. 9 எம்.எம். காலிபர் (குண்டின் விட்ட அளவு), குழல் சுமார் 4 அங்குலம், மேகசினில் (பிடிக்குள் போகும் தோட்டாக் கூட்டில்) 15 தோட்டா. 1988-லிருந்து விற்பனையில் இருக்கிறது. அதனால் மேகசின், உறை, உதிரிப் பாகம் எதற்கும் அலைய வேண்டியதில்லை. ரேஞ்சில் நிதானமாகச் சுடும் அளவுக்குப் பெரியது, படுக்கையறைப் பெட்டிக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியது.

ஆனால் என் பேச்சைக் கேட்டு நேராகப் போய் வாங்காதீர்கள். இதே அளவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 2.0 காம்பாக்ட், வால்தர் பி.டி.பி., சி.இசட். பி-10 சி என்று நல்ல பிஸ்டல்கள் இருக்கின்றன. வாடகைக்குத் துப்பாக்கி கொடுக்கும் ரேஞ்சுக்குப் போய் இரண்டு மூன்றை மாற்றி மாற்றிச் சுட்டுப் பாருங்கள். பிடியை எவ்வளவு மேலே பிடிக்க முடிகிறது, பிடியை நகர்த்தாமல் ஆள்காட்டி விரலின் நுனிச் சதை ட்ரிகரில் படுகிறதா, ட்ரிகரை அழுத்தும்போது சைட் (குழல்மேல் குறி பார்க்க இருக்கும் முனை) அசையாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். பிறகு அட்டையில் விழுந்த ஓட்டைகளைப் பாருங்கள். எதில் அவை நெருக்கமாக விழுந்தனவோ அதை வாங்குங்கள். கடையில் சும்மா கையில் வைத்து 'நல்லா உட்காருதே' என்பதெல்லாம் ஏமாற்றும்.

அப்புறம், 600 டாலரையும் துப்பாக்கியிலேயே போட்டுவிடாதீர்கள். பெட்டி, காதுக் கவசம், கண்ணாடி, ஒரு நாள் அடிப்படை வகுப்பு, பழகத் தோட்டா எல்லாம் சேர்த்தால் 1,000 டாலரைத் தொடும். அவ்வளவு இல்லையென்றால் பயன்படுத்திய பிஸ்டலை நம்பகமான கடையில் வாங்கி, மிச்சத்தை வகுப்புக்குச் செலவழியுங்கள்.

ஹூஸ்டனிலிருந்து: மனைவிக்கு ஒன்று வாங்கப் போனோம். பெண்களுக்குச் சின்ன ரிவால்வர்தான் சரி என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினார். வாங்கலாமா?

வேண்டாம். கடைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் தவறான ஆலோசனை இது. எடை குறையக் குறைய உதைப்பு கூடும். அரைக் கிலோகூட இல்லாத .38 ரிவால்வரைச் சுட்டால் உள்ளங்கை எரியும். குழல் 2 அங்குலம்தான் என்பதால் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி குறைவு, சின்னக் கைநடுக்கமும் குறியைத் தள்ளிவிடும். ட்ரிகரை இழுக்கவே 10, 12 பவுண்டு அழுத்தம் வேண்டும், கிளாக்கில் அதில் பாதிதான். நன்றாகப் பழகியவர்கள் மறைத்து எடுத்துச் செல்ல வைத்திருக்கும் துப்பாக்கியை முதல்முறை சுடுபவர் கையில் கொடுப்பது நியாயமே இல்லை. இரண்டு மூன்று தோட்டாவிலேயே அவர் 'எனக்கு இது வராது' என்று வைத்துவிடுவார்.

ஸ்லைடை (தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கும் பிஸ்டலின் மேல்பாகத்தை) இழுக்க வரவில்லை என்பதுதான் காரணம் என்றால், பெரும்பாலும் அது முறை தெரியாததால் வருவது. இரண்டு விரலால் கிள்ளி இழுக்கக் கூடாது. துப்பாக்கியை மார்புக்கு அருகில் கொண்டுவந்து, குழல் சுடும் திசையை விட்டு விலகாமல், ட்ரிகரிலிருந்து விரலை எடுத்துவிட்டு, இடது கையால் ஸ்லைடை முழுதாகப் பற்றிக்கொண்டு வலது கையை முன்னே தள்ள வேண்டும். விரல் மூட்டு வலி இருப்பவர்களுக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈ.இசட். இருக்கிறது, ஸ்லைடு லேசாக வரும்படியே செய்தது. எதுவானாலும் தேர்வு அவருடையதாக இருக்கட்டும். நீங்கள் பின்னால் நின்றால் போதும்.

ஆஸ்டினிலிருந்து: நான் எச்-1பி. எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்தது. நண்பர் அமெரிக்கக் குடிமகன், தன் பெயரில் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

தம்பி, இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

கூட்டாட்சிச் சட்டப்படி எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. சொந்தமாக வாங்கினால்தான் தப்பு என்றில்லை. வைத்திருப்பது என்பதில் ரேஞ்சில் வாடகைக்கு வாங்கிச் சுடுவதும் அடங்கும். விதிவிலக்குகள் சில உண்டு. நம்மவர்கள் பயன்படுத்துவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது இருந்தால் தடை நீங்கும். சில ரேஞ்சுகளில் விசாக்காரர்களிடம் அந்த உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது இதனால்தான். உரிமம் காலாவதியான மறுநாள் உங்கள் அலமாரியில் இருக்கும் அதே துப்பாக்கி குற்றமாகிவிடும் என்பதையும் யோசியுங்கள்.

நண்பர் வாங்கித் தருவது இன்னும் மோசம். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று ஒரு கேள்வி இருக்கிறது. இன்னொருவருக்காக வாங்கிவிட்டு 'ஆம்' என்று எழுதினால் அது பொய் வாக்குமூலம். 2022-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு, வாங்கத் தடை உள்ளவருக்காக இப்படி வாங்கித் தருவது தனிக் குற்றம், 15 ஆண்டு வரை சிறை. நண்பரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள்.

இதே படிவத்தில் அவசரத்தில் குடிமகன் என்று டிக் செய்துவிடாதீர்கள். குடிமகன் என்று பொய்யாகச் சொல்வது குடியேற்றச் சட்டத்தில் நிரந்தரத் தடை வரை போகக்கூடியது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வாங்கினால் கிரீன் கார்டுகாரரையே நாடு கடத்தலாம். பத்து வருடம் வரிசையில் நின்று காத்திருப்பதை ஒரு பிஸ்டலுக்காகப் பணயம் வைக்க வேண்டுமா? எனக்கு ஏற்பில்லை. கதவுச் சட்டத்தில் நீளத் திருகாணி போட்டு வலுப்படுத்துங்கள், கேமராவும் அலாரமும் போடுங்கள். அப்படியும் வேண்டுமென்றால் முதலில் குடியேற்ற வக்கீலிடம் பேசிவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.

சான் ஆன்டோனியோவிலிருந்து: 9 எம்.எம். ஆளை நிறுத்தாது, அதைவிடப் பெரிய .45 காலிபர்தான் வேண்டும் என்று அலுவலகத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

அந்த வாதத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்.பி.ஐ.க்கும் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். கொள்ளையரில் ஒருவனுக்குள் பாய்ந்த 9 எம்.எம். குண்டு இதயத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது, அவன் தொடர்ந்து சுட்டான். பழி 9 எம்.எம். மேல் விழுந்தது. எஃப்.பி.ஐ. 10 எம்.எம்.முக்கும், பின் .40-க்கும் மாறியது. நாடு முழுக்கக் காவல் துறைகளும் பின்னால் போயின.

அதற்குப் பிறகு குண்டுகளின் வடிவமைப்பு வெகுவாக முன்னேறிவிட்டது. 2010-களின் நடுவில் எஃப்.பி.ஐ.யே 9 எம்.எம்.முக்குத் திரும்பிவிட்டது. நல்ல தோட்டாவில் காலிபர்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் இல்லை, 9 எம்.எம்.மில் ஆட்கள் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். விலையும் குறைவு. அலுவலக நண்பருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து: எங்கள் ஊரில் நடைமுறை எப்படி?

பொறுமை வேண்டும். முதலில் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை, அப்புறம் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனியாக ஒரு பெர்மிட். கைரேகை, உங்களைத் தெரிந்தவர்களின் பரிந்துரை எல்லாம் உண்டு. மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. ஹாலோ பாயின்ட் (முனை குழிந்த) தோட்டாவை வீட்டில் வைக்கலாம், ரேஞ்சுக்குக் கொண்டுபோகலாம், மற்றபடி வெளியே கொண்டு திரிவதில் கட்டுப்பாடு இருக்கிறது. கலிஃபோர்னியாவிலிருந்தும் கேட்டிருந்தார்கள்: அங்கே எழுத்துத் தேர்வு, 10 நாள் காத்திருப்பு, கடையில் புதிதாக வாங்க மாநிலப் பட்டியலில் உள்ள மாடல் மட்டும். நான் மேலே சொன்ன பெயர்கள் அங்கே கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஃப்ரிஸ்கோவிலிருந்து: வீட்டில் 5 வயதிலும் 13 வயதிலும் பிள்ளைகள். அலமாரியின் மேல்தட்டில் வைத்தால் போதாதா?

போதாது. ஐந்து வயதுப் பிள்ளை நாற்காலி போட்டு ஏறும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நீங்கள் எதை எங்கே ஒளித்திருக்கிறீர்கள் என்பது எல்லாம் தெரியும். 17 வயதுக்குக் கீழே உள்ளவர் கைக்குச் சுடத் தயாரான துப்பாக்கி எட்டும்படி விட்டால் டெக்சாஸில் அது பெற்றவர்மேல் குற்றம்.

கட்டிலுக்கு அருகில் சின்ன இரும்புப் பெட்டி, சுவரிலோ கட்டில் சட்டத்திலோ போல்ட் போட்டு இறுக்கியது. பூட்டு, பொத்தான் அழுத்தும் மெக்கானிக்கல் வகையாக இருந்தால் நல்லது. பேட்டரி தீராது, இருட்டில் விரல் தடவியே திறக்கலாம். கைரேகைப் பூட்டை நான் சிபாரிசு செய்வதில்லை. பதிவு செய்யாத விரலுக்கும் திறந்துகொண்ட பெட்டிகளை 2023-ல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று, ஒரு சிறுவன் இறந்த பிறகு. எண்ணைப் பிள்ளையின் பிறந்த தேதியாக வைக்காதீர்கள், அதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. திருடனைவிட அந்த ஆபத்துதான் வீட்டுக்குள் அதிகம். வீட்டில் யாராவது மன அழுத்தத்தில் இருந்தால், வேலை போய் இடிந்துபோய் இருந்தால், பதின்ம வயதுப் பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தால், இப்போது வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் கொஞ்ச நாள் வீட்டுக்கு வெளியே வைக்க வழி பாருங்கள், சில கடைகளும் ரேஞ்சுகளும் பாதுகாத்து வைத்துக்கொள்கின்றன. தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

அட்லாண்டாவிலிருந்து: முதலில் .22 வாங்கிப் பழகிவிட்டு அப்புறம் 9 எம்.எம். வாங்கலாமா?

வசதி இருந்தால் அதுதான் நல்ல வழி. ரூகர் மார்க் IV போன்ற .22 பிஸ்டலில் உதைப்பே தெரியாது, ஒரு தோட்டா 9 எம்.எம். விலையில் மூன்றில் ஒரு பங்குதான். ஒன்றுதான் வாங்க முடியும், அது வீட்டுக்கும் வேண்டும் என்றால் 9 எம்.எம். வாங்கிவிட்டு, ரேஞ்சில் .22-ஐ வாடகைக்கு எடுத்துச் சுடுங்கள்.

சார்லட்டிலிருந்து: என் குண்டெல்லாம் இடது பக்கம் கீழேயே விழுகிறது. சைட் சரியில்லையா?

சைட் சரியாகத்தான் இருக்கும். வலது கைக்காரர்தானே நீங்கள்? வெடிச் சத்தத்தை எதிர்பார்த்து, வெடிக்கும் முன்பே கை முன்னும் கீழும் அமுக்குகிறது. நண்பரிடம் சொல்லி மேகசினில் இரண்டு போலித் தோட்டாவை உங்களுக்குத் தெரியாமல் கலக்கச் சொல்லுங்கள். போலித் தோட்டா வரும்போது குழல் முனை குபுக்கென்று கீழே குனிவதை நீங்களே பார்ப்பீர்கள். மருந்து, வீட்டில் தோட்டா இல்லாமல் ட்ரிகர் பழகுவது. மேகசினை வெளியே எடுத்து, சேம்பரை (குழலில் தோட்டா உட்காரும் இடத்தை) கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்து, தோட்டாவை எல்லாம் வேறு அறையில் வைத்துவிட்டு, கெட்டியான செங்கல் சுவரை நோக்கி தினம் பத்து நிமிடம். காசே செலவில்லை.

பீனிக்ஸிலிருந்து: இங்கே வீட்டுச் சுவர் எல்லாம் ஜிப்சம் பலகை. குண்டு பக்கத்து அறைக்குப் போகுமா?

போகும். எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் போகும். ரேஞ்சில் சுடும் முழு உலோக உறை போட்ட தோட்டாவை வீட்டுக்கு வைக்காதீர்கள், ஆளையும் துளைத்துப் போகக்கூடியது. ஃபெடரல் எச்.எஸ்.டி., ஸ்பியர் கோல்டு டாட் போன்ற ஹாலோ பாயின்ட் உடலுக்குள் விரிந்து வேகம் இழக்கும். ஆனால் குறி தவறினால் அதுவும் சுவரைத் தாண்டும். பிள்ளைகள் எந்தச் சுவருக்குப் பின்னால் தூங்குகிறார்கள் என்று பகலிலேயே நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரவில் சத்தம் கேட்டால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகத் தேடப் போகாதீர்கள். குடும்பத்தை ஒரே அறைக்குக் கூட்டி வந்து, கதவைப் பூட்டி, 911-க்கு அழைத்து அங்கேயே இருங்கள். தண்ணீர் குடிக்க எழுந்த மாமனாராகவும் இருக்கலாம்.

ராலேயிலிருந்து: நான் கர்ப்பமாக இருக்கிறேன். கணவருடன் ரேஞ்சுக்குப் போகலாமா அண்ணா?

இப்போது வேண்டாம் அம்மா. உள்ளரங்க ரேஞ்சில் காற்றில் ஈயம் இருக்கும், சத்தமும் 160 டெசிபல் அளவுக்குப் போகும். கணவரும் திரும்பி வந்ததும் கைகழுவி, உடை மாற்றிவிட்டுத்தான் குழந்தைகளைத் தூக்க வேண்டும். ரேஞ்சில் காதுக்குள் பஞ்சடைப்பானும் மேலே கவசமும் சேர்த்தே போடச் சொல்லுங்கள்.

சிகாகோவிலிருந்து: பொங்கலுக்குச் சென்னை போகிறோம். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நல்ல வேளை கேட்டீர்கள். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஒருபோதும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பையின் அடியில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் ஆட்களைப் பிடித்து வைத்து, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்குப் போடுகிறார்கள். 9 எம்.எம். அங்கே தடைசெய்யப்பட்ட காலிபர், சாதாரண உரிமத்தில் கிடைப்பதில்லை. தெரியாமல் வந்துவிட்டது என்று பின்னால் நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம்தான், ஆனால் பாஸ்போர்ட்டும் விடுமுறையும் போய்விடும். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைச் சாவிக் கொத்தில் மாட்டியிருந்தால் அதையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.