நன்மையாக முடிந்தால் குற்றம் தீர்ந்துவிடுமா?

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் நிலத்தை ஒட்டிப் புதிய சாலை வரப்போகிறது என்பதை அறிந்திருந்தும் அதை மறைத்து, தம்பியின் பாகத்தைச் சொற்பத் தொகைக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டேன். மனம் நொந்து திருப்பூருக்குப் போன அவன், தொழில் தொடங்கி இன்று என்னைவிட வசதியாக இருக்கிறான். "நீ அப்படிச் செய்ததால்தானே அவன் பிழைத்தான், எல்லாம் தேவசித்தம்" என்று சபையார் ஆறுதல் சொல்கிறார்கள். அப்படியானால் நான் இன்னும் பொறுப்பாளிதானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள சகோதரரே, உங்கள் சபையார் யோசேப்பின் சரித்திரத்தை மனதில் வைத்தே அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சரித்திரத்தையே சற்று நிதானமாக வாசிப்போம். பதினேழு வயதில் தன் சகோதரராலேயே 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்ட யோசேப்பு, முப்பதாம் வயதில் எகிப்தின் ராஜாவாகிய பார்வோனுக்கு முன்பாக நின்றான். ஏழு வருஷ விளைச்சலும் இரண்டு வருஷப் பஞ்சமும் கடந்தபின்னரே சகோதரருக்குத் தன்னை வெளிப்படுத்தினான். அவன் அவர்களிடம், "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்; தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்ற பொருளில் பேசுவதை ஆதியாகமம் 50ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஒரே செயலில் இரண்டு நோக்கங்கள் இருந்தன. தேவனுடைய நோக்கம் நல்லதாயிருந்ததனால் சகோதரரின் நோக்கம் நல்லதாகிவிடவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. "தேவனே என்னை அனுப்பினார்" என்பது யாருடைய வாயிலிருந்து வந்தது? விற்கப்பட்டவனுடைய வாயிலிருந்து வந்தது. விற்றவர்களோ, 42ஆம் அதிகாரத்தில், தங்கள் சகோதரன் கெஞ்சியதைக் கேட்டும் செவிகொடாமற்போன துரோகம் தங்கள்மேல் சுமந்திருக்கிறது என்றே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அநியாயம் அனுபவித்தவன் சொல்லும்போது விசுவாச அறிக்கையாக இருக்கும் வார்த்தை, அநியாயம் செய்தவன் சொல்லும்போது சாக்குப்போக்காக மாறிவிடுகிறது. உங்களுக்கு ஆறுதல் சொன்னவர்கள், உங்கள் தம்பி மட்டுமே சொல்லத்தக்க வார்த்தையை அவரைக் கேளாமலே உங்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் என்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தேவனுடைய இறையாண்மையும் மனிதனுடைய சுயாதீனமும் எப்படி இணைகின்றன என்பது, 5ஆம் நூற்றாண்டில் சபைப் பிதாவான அகஸ்தீனுக்கும், மனிதன் தன் சுய சித்தத்தாலேயே நன்மை செய்ய முடியும் என்று போதித்த பெலாகியுவுக்கும் இடையே எழுந்த தர்க்கம் முதல் 1618-19இல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் சங்கம் என்ற திருச்சபை மாநாடு வரையும் அதற்குப் பின்னும் திருச்சபை விவாதித்துவரும் காரியம். அதை இந்தப் பக்கத்தில் நான் தீர்த்துவிட முடியாது. ஆனால் டார்ட்டில் எதிரெதிராக நின்ற இரு தரப்பாரும், மனிதன் தன் பாவத்துக்குத் தானே பொறுப்பாளி என்பதில் வேறுபடவில்லை. சோதிக்கப்படுகிறவன் தன் சுய இச்சையினாலேயே இழுக்கப்படுகிறான் என்று புதிய ஏற்பாட்டு நிருபத்தில் யாக்கோபு எழுதுவதும், உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று கட்டளையிட்ட பவுல், விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்று அடுத்த வசனத்திலேயே சேர்ப்பதும் நமக்கு முன்பாக இருக்கின்றன. பவுலுக்குத் தேவனுடைய கிரியை நம்முடைய பிரயாசத்துக்குக் காரணமாக இருந்ததே தவிர, அதற்கு விடுமுறையாக இருக்கவில்லை.

ஆகவே, ஆம், நீங்கள் பொறுப்பாளிதான். தெரிந்தே மறைத்தீர்கள், மறைக்காதிருக்கவும் உங்களால் முடிந்திருக்கும். இப்படிச் சொல்வதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனந்திரும்பக் கூடியவன் பொறுப்புள்ளவன் மட்டுமே. யோசேப்பை விற்கலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, பிற்பாடு தங்கள் இளைய சகோதரன் பென்யமீனுக்குப் பதிலாகத் தானே அடிமையாயிருக்க முன்வந்ததைக் கேட்டபின்புதான் யோசேப்பு அழுது தன்னை வெளிப்படுத்தினான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தேவனிடம் அறிக்கையிட்டுவிட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டானால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ என்று கர்த்தர் சொன்னதால், தம்பியின் வீட்டுக்குப் போவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. போகும்போது சாலையைப் பற்றி மறைத்ததை ஒளிவின்றிச் சொல்லுங்கள். அவருடைய இன்றைய வசதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். வஞ்சித்து எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனுக்குக் கொடுக்கும்படி லேவியராகமம் 6ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அதை ஒரு தொடக்கமாகக் கொள்ளலாம். அந்த முதலை அன்றைய விலைப்படி கணக்கிடுவதா, சாலை வந்தபின் ஏறிய விலைப்படி கணக்கிடுவதா என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். தம்பி சொல்லட்டும்.