டி.சி. வாங்கும் முன் சான்றிதழ் வாங்குங்கள்

கேள்வி: என் மகன் தனியார் மெட்ரிக் பள்ளியில் எட்டாவது படிக்கிறான். டிஸ்லெக்ஸியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு) இருக்கிறது என்று ஆறாவதிலேயே தனியாரிடம் காட்டியபோது சொன்னார்கள், கூடவே ஏடிஎச்டியும் (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு) உண்டு. ஒளிச்சேர்க்கையைப் பற்றிக் கேட்டால் வாயால் அழகாகச் சொல்வான், பரீட்சைத் தாளில் நாலு வரிதான் இருக்கும். "ஒன்பதாவதுக்கு வேறு இடம் பாருங்கள்" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் என்.ஐ.ஓ.எஸ். (வீட்டிலிருந்தே படித்துத் தேர்வெழுதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி) போடச் சொல்கிறார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கலாம் என்றால், "பிள்ளைக்கு முத்திரை குத்தாதே" என்று கணவர் கோபப்படுகிறார். என்ன செய்வது?
பெயர் வேண்டாம், கரூர்

பதில்: முதலில் ஒன்று சொல்கிறேன், டி.சி. கேட்டு நீங்களாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எட்டாவது முடிகிற நேரத்தில் இந்தப் பேச்சு வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது. அந்தப் பாதுகாப்பு முடிகிற இடத்தில், பத்தாவது ரிசல்ட்டை நினைத்துப் பள்ளிகள் கைகழுவப் பார்க்கின்றன. ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எட்டாவதோடு நின்றுவிடவில்லை. அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், தேர்வில் கூடுதல் நேரமும் எழுதித் தர ஆளும் கிடைக்க வேண்டும், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு தரலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டு வாங்க உங்கள் கையில் காகிதம் வேண்டும். அந்தச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஆட்டிசம் இருக்கிறது, ஏடிஎச்டி இல்லை. அதனால் டிஸ்லெக்ஸியாவுக்குத்தான் சான்றிதழ் கேட்க வேண்டும். தனியார் அறிக்கையை மட்டும் வைத்து அரசுத் தேர்வுச் சலுகை கிடைக்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், ஐ.க்யூ. சோதனையும் கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் நிம்ஹான்ஸ் சோதனையும் எடுப்பார்கள், ஒரே நாளில் முடியாது, நாலைந்து முறை அலைய வேண்டியிருக்கலாம். பத்தாவது வந்த பிறகு ஓடுகிற பெற்றோரை நிறையப் பார்த்துவிட்டேன், மனசு கனத்துப் போகும். இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.

முத்திரை பற்றி உங்கள் கணவரிடம் நான் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சார், உங்கள் மகன்மேல் ஏற்கெனவே முத்திரை விழுந்துவிட்டது. சோம்பேறி, கவனமில்லாதவன், மக்கு என்று வகுப்பில் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். என்னிடம் வந்த ஒரு பையனின் விடைத்தாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மூன்றே வரி, ஒவ்வொரு எழுத்தையும் அழித்து அழித்து எழுதியதில் தாள் ஓட்டை விழுந்திருந்தது. அவ்வளவு உழைத்த பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறார்கள். சான்றிதழ் உங்கள் பீரோவில் இருக்கப்போகிற காகிதம், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் காட்டினால் போதும். அதில் குறைபாட்டின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று வந்தால் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இட ஒதுக்கீட்டிலும் கேட்கலாம்.

சரி, எந்தப் பள்ளி? கட்டடத்தைப் பார்க்காதீர்கள். தலைமையாசிரியரிடம், "சொல்வதை எழுதுபவர் வைத்து இங்கே யாராவது பத்தாவது எழுதியிருக்கிறார்களா?" என்று கேளுங்கள். "அப்படியென்றால்?" என்று திருப்பிக் கேட்டால் வெளியே வந்துவிடலாம். வெட்கமில்லாமல் அரசுப் பள்ளியையும் பாருங்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், உங்கள் பக்கத்துப் பள்ளிக்கு வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்கள் என்று அங்கேயே விசாரியுங்கள்.

என்.ஐ.ஓ.எஸ். மோசமில்லை. 14 வயது ஆகியிருக்க வேண்டும், ஐந்து பாடம் போதும், ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. ஆனால் நாள் முழுக்க வீட்டில் தனியாக இருப்பான், நண்பர்கள் இல்லாமல் போய்விடும் என்பதை யோசியுங்கள். பள்ளியில் உண்மையிலேயே மூச்சு முட்டுகிற பிள்ளைக்கு அது நல்ல வழி. பள்ளி விரட்டுகிறது என்பதற்காக மட்டும் போகாதீர்கள்.

அப்புறம், சொல்வதை எழுதுபவர் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒரு பெண் அரசுத் தேர்வில்தான் முதல்முறையாக, சொல்வதை எழுத வந்த தெரியாத ஒரு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதித் தேர்வு வரை வாயே திறக்கவில்லை. "நிறுத்துங்கள், அந்த வரியை வாசியுங்கள், அடுத்த பத்தி" என்று சொல்லப் பழக வேண்டும். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டிலிருந்தே யாரையாவது வைத்து எழுதச் சொல்லுங்கள்.

இப்போதைய பள்ளி ஒத்துவரவில்லை என்றால், சலுகைகளைக் கேட்டு எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் போகட்டும். மருத்துவமனைக்குப் போகும்போது அவனுடைய பழைய விடைத்தாள் இரண்டு மூன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். எதற்காகப் போகிறோம் என்பதைப் பஸ்ஸில் ஏறும் முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள்.