புத்தகத்தைப் பார்த்து ஜெபிப்பது

*ஐயா, ஸ்தோத்திரம். நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். இப்போது நண்பர்களோடு ஒரு தனிச்சபைக்கும் போகிறேன், அங்கே மனதில் வருவதை ஜெபிக்கிறார்கள். எங்கள் கோயிலில் வாராவாரம் அதே பாவ அறிக்கை, அதே விசுவாசப் பிரமாணம். எனக்கு வாய் மட்டும்தான் அசைகிறது. ‘வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்’ என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே?*
– ஒரு வாசகர், குன்னூர்

அன்புள்ள தம்பி,

நீங்கள் காட்டுவது மத்தேயு 6:7. இரண்டு வசனம் தள்ளிப் படியுங்கள், இயேசுவே சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபம் வருகிறது. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் அவர் மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்ததாக அதே மத்தேயுதான் 26ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ வருகிறது. நிறையப் பேசினால் கடவுள் கேட்பார் என்ற நினைப்பைத்தான் இயேசு கண்டித்தார்.

அப்புறம், மனதில் வருவதை ஜெபிப்பவர்களையும் நாலு வாரம் கவனியுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஆரம்பம், ஒரே முடிவு, நடுவில் அதே ஐந்தாறு சொற்றொடர்கள். கையில் புத்தகம் இல்லை, அவ்வளவுதான். அதில் தப்பில்லை. ஆனால் என்னை என் போக்கில் விட்டால் என் ஜெபம் பிள்ளையின் வேலையில் தொடங்கிப் பச்சைத்தேயிலை விலையில் முடிந்துவிடும். 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஜெபப் புத்தகத்தின் லித்தானியாவில், அதாவது ஆயர் ஒவ்வொரு வேண்டுதலாகச் சொல்லச் சபை பதில் சொல்லும் நீண்ட மன்றாட்டில், நிலத்திலும் நீரிலும் பயணம் செய்பவர்கள், பிரசவ வேதனைப்படும் பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டவர்கள், கடைசியில் நம் பகைவர்களும் அவதூறு சொல்பவர்களும்கூட வருகிறார்கள். பர்லியார் மலைப்பாதை வளைவுகளில் ராத்திரி லாரி ஓட்டுகிறவருக்காக நானாக என்றைக்கு ஜெபித்திருப்பேன்? எனக்கு ஆகாத ஆளுக்காக, சத்தியமாக இல்லை. பாவ அறிக்கையும் அப்படித்தான், மனம் உறுத்தும் வாரம் மட்டும் என்றால் வருஷத்துக்கு ரெண்டு தடவை தேறினால் அதிகம்.

வாய் மட்டும் அசைகிறதா, அசையட்டும். அன்றைக்குப் பக்கத்தில் நிற்பவர் மனதோடு சொல்கிறார், நீங்கள் அவரோடு சேர்ந்து நிற்கிறீர்கள்; அடுத்த மாதம் அவர் வீட்டில் சாவு விழுந்து அவருக்கு வாயே வராதபோது நீங்கள் சொல்வீர்கள். பஸ்ஸைப் பிடிக்கப் போவதுபோல் ஓட்டமாக வாசித்து முடிக்கும் ஆயர்கள் இருக்கிறார்கள்தான், எனக்கும் எரிச்சல் வரும், ஆனால் அந்தக் குற்றம் புத்தகத்தினுடையதா?

தனிச்சபைக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது நம் சி.எஸ்.ஐ., உருவானபோது ஆங்கிலிக்கர்களோடு சேர்ந்தவர்களில் புத்தகமில்லாமல் ஜெபித்துப் பழகியவர்களும் உண்டு, அதனால் நம் ஆராதனை முறையிலேயே சொந்த வார்த்தைக்கும் இடம் இருக்கிறது. சரி, உங்கள் கோயிலில் லித்தானியா இன்னும் சொல்கிறார்களா? நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள் என்றால், உங்கள் ஆயரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.