உப்புத் தண்ணீர்க் குழாய்

அன்புள்ள ஐயா,

கோவையில் வீடு வீடாகப் போய் ஆர்.ஓ. தண்ணீர் மெஷின் விற்கிறேன். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பம்புசெட் விற்ற காலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் இந்த வேலைக்கே வந்தேன். போன மாதக் கடைசியில் டார்கெட்டுக்கு ஒரு மெஷின் குறைந்தது. தனியாக வசிக்கும் ஒரு வயதான அம்மாவின் வீட்டுக்குப் போனேன். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் 60ஐக்கூடத் தாண்டவில்லை. அதை அவரிடம் காட்டவில்லை. பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற உப்புத் தண்ணீர்க் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துவந்து, கம்பிகளை வைத்து மின்சாரம் பாய்ச்சுகிற கம்பி டெமோ செய்தேன். தண்ணீர் பழுப்பாகிவிட்டது. "இதையா தம்பி இத்தனை வருஷமா குடிச்சேன்" என்று பயந்துபோனார். அன்றைக்கே செக் கொடுத்தார். மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எனக்கு அன்றிலிருந்து மனசு சரியில்லை. பொய் சொல்லாமல் இந்தத் தொழிலில் இருக்க முடியுமா? வீட்டுக் கடன் இருக்கிறது, உடனே விடவும் முடியாது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

மீட்டர் காட்டிய எண்ணையும், எந்தக் குழாயில் பிடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் நேராகவே சொல்கிறேன். அந்த அம்மாவை நீங்கள் ஏமாற்றியிருக்கிறீர்கள். சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் அந்தக் கம்பி டெமோவைப் பார்ப்போம். அந்தக் கருவியில் இரும்புக் கம்பி இருக்கிறது. மின்சாரம் பாயும்போது அந்த இரும்பு கரைந்து துருவாகிறது. டம்ளரில் தெரிகிற பழுப்பு பெரும்பாலும் அந்தக் கம்பியின் துருதான். உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும் என்பதால் நிறம் சட்டென்று மாறுகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரமும் சரியாகப் பாயாது, தெளிவாகவே நிற்கிறது. உங்கள் மெஷினில் பிடித்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கம்பிகளை வைத்துப் பாருங்கள். அதுவும் பழுப்பாகும். இதை ஒருமுறை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டால் அந்தக் கருவியை மறுபடி பையில் எடுத்துவைக்க உங்களுக்கு மனசு வராது.

அடுத்து மீட்டர். நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. 500க்கும் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குச் சொன்னது. அந்த அம்மா வீட்டில் வெறும் 60. வெளியூர் விருந்தாளிகளிடம் கோவைக்காரர்கள் பெருமையாக நீட்டுகிற தண்ணீர் அது. கிருமி இருக்கிறதா இல்லையா என்பதை டி.டி.எஸ். மீட்டர் காட்டாது என்பது வாஸ்தவம். அந்தப் பயத்துக்குக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும். அது சிரமம் என்றால் புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. மெஷின் போதும், விலையும் குறைவு.

நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒரு மார்ச் மாதம், அந்தியூர் பக்கம் ஒரு விவசாயி. அவருடைய போர்வெல்லுக்கு 5 ஹெச்.பி. மோட்டார் போதும். ஆண்டுக் கணக்கு முடிகிற நேரம், 7.5 விற்றால் என் டார்கெட் சேர்ந்துவிடும். "பெருசாப் போட்டா தண்ணி நெறையா வருமுங்க" என்றேன். போரில் ஊறுவதைவிட வேகமாக மோட்டார் இழுத்தது. மட்டம் இறங்கி, தண்ணீரில்லாமல் ஓடி, ஒன்றரை மாதத்தில் மோட்டாரின் காயில் எரிந்துபோனது. தண்ணீரில்லாமல் ஓடியதற்கு வாரண்டி கிடையாது என்று கம்பெனி கையை விரித்தது. குழாய்களைக் கழற்றி மோட்டாரை மேலே தூக்குவதற்கே தனிக்கூலி. அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதானுங்க போட்டேன்" என்று மட்டும் சொன்னார். டீலரிடம் பேசி, என் கமிஷனை விட்டுக்கொடுத்து, 5 ஹெச்.பி. மோட்டார் மாற்றிக் கொடுக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் அவருடைய வாழையில் பாதி காய்ந்துவிட்டது.

நான் ஏன் மாற்றிக் கொடுத்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நல்ல மனசு மட்டும் காரணமில்லை. என் லைனில் அந்த ஊர் வியாழக்கிழமை வரும். அடுத்த வியாழக்கிழமையும் அதே டீக்கடையில் வண்டியை நிறுத்த வேண்டும், அதே ஆட்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். திரும்பிப் போக வேண்டிய ஊர் என்பதால் தப்பை மூடிவைக்க முடியவில்லை.

உங்கள் வேலையில் அந்த வியாழக்கிழமையே இல்லை. விற்பது நீங்கள், மாட்டுவது வேறொருவர், ஃபில்டர் மாற்றுவது கான்ட்ராக்ட் ஆள், புகாரைக் கேட்பது எங்கோ இருக்கிற கால் சென்டர். நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்று புகாரைக் கேட்கிறவருக்குத் தெரியாது. புகார் வந்ததே உங்களுக்குத் தெரியாது. வாடிக்கையாளர் சேவை கெட்டுப்போவது இந்த இடத்தில்தான் என்று உறுதியாக நினைக்கிறேன். கால் சென்டரில் எவ்வளவு பணிவாகப் பேசினாலும், வாசலில் சொன்ன பொய்யை அங்கே இருப்பவரால் சரிசெய்ய முடியாது. என்னைக் கேட்டால், விற்றவருக்குக் கமிஷனில் பாதியை ஆறு மாதம் கழித்து, அவரே அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவந்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முடியும். மெஷின் உண்மையாகவே தேவைப்படுகிற வீடுகள் உங்கள் ஊரிலேயே நிறைய இருக்கின்றன. போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கும் அபார்ட்மெண்ட்களுக்குப் போங்கள். குடிக்கிற குழாயில் பிடித்து, மீட்டரை அவர்கள் கையிலேயே கொடுங்கள். எண் ஆயிரத்தைத் தாண்டினால் நீங்கள் பேசவே வேண்டியதில்லை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குச் சுமார் மூன்று லிட்டர் கழிவாகப் போகலாம், அதைத் தரை துடைக்கப் பிடித்துவைக்கலாம் என்று சொல்லுங்கள். வருஷத்துக்கு ஃபில்டர் செலவு எவ்வளவு, ஏ.எம்.சி. என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் எவ்வளவு என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். வாங்குகிறவர்கள் அக்கா வீட்டு நம்பரும் தருவார்கள். முதல் இரண்டு மாதம் உங்கள் எண்ணிக்கை குறையலாம், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கடன் தவணைக்குக் கொஞ்சம் முன்யோசனையோடு இருங்கள்.

மேனேஜர் மறுத்தால் அவரிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. ஒரு பொருள் தேவை என்று பொய்யாகச் சொல்லி விற்பதையும் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேர்த்திருக்கிறது. அந்த அம்மாவின் மகனோ மகளோ தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்தால் பதில் சொல்ல வேண்டியது கம்பெனிதான். இப்போதே யு.வி. மெஷினாக மாற்றி மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது மேனேஜருக்கும் நல்லது.

இந்த வாரமே அந்த வீட்டுக்குப் போங்கள். கம்பிக் கருவியை விட்டுவிட்டு மீட்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறைக் குழாயில் ஒரு டம்ளர், பின்பக்கக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துவைத்து, அன்றைக்கு எதைக் காட்டினீர்கள் என்று சொல்லுங்கள். இத்தனை வருஷம் குடித்தது நல்ல தண்ணீர்தான் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். போய்வந்த பிறகு எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.